பத்தொன்பது மணி தூரம்

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கீழஉடைப்பட்டி நடுநிலைப் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில், மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் இருந்தவர்கள் இவர்கள்: தலைமையாசிரியர் சங்கரநாராயணன் ஒருவர்; அறிவியல் பாடம் எடுக்கிற ஜெபக்கனி டீச்சர் ஒருவர்; பிள்ளைகள் இருபத்திரண்டு பேர்; பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து நின்றுவிட்ட தாய்மார் நான்கு பேர்; சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற வள்ளிமயில்; வார்டு மெம்பர் சுடலைமுத்து; தூக்குவாளியில் டீ கொண்டுவந்த கடைக்காரி ராமலெட்சுமி; மைக் செட் கட்டவந்த ஆவுடையப்பன். ஆக முப்பத்திரண்டு பேர். வருவதாகச் சொன்ன சிறப்பு விருந்தினர் வரவில்லை, அதனால் அவர் கணக்கில் இல்லை. வேப்பமரத்தடியில் படுத்திருந்த ஆடுகள் இரண்டும் கணக்கில் சேராது.

எண்ணியது ஆவுடையப்பன். அவருக்கு அறுபத்துமூன்று வயது, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, சாவு என்று முப்பத்தொன்பது வருடமாக அந்த வட்டாரத்துக்கு அவர்தான் மைக் செட் கட்டுகிறார். வந்தவர் பெயரையெல்லாம் ஊருக்குக் கேட்கும்படி சொல்லி அழைக்கிற வாய் அவருடையது. அவர் பெயரை மட்டும் மைக்கில் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் மைக் எப்போதும் அவர் கையில் இருந்தது. மைக் இல்லாத நேரத்தில் அவர் யாரோடும் பேசமாட்டார். கூச்சம். பேசாத நேரத்தில் எண்ணுவார். வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு அவர் காலுக்கு நானூற்று எழுபத்தொரு எட்டு நடை.

அவருக்குத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையில் மைக்கைக் கொடுப்பதானாலும், முதலில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று கேட்பார். தூரத்தில் நிற்கிற ஒரு ஆளாவது கையைத் தூக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் மைக் கைமாறும். மந்திரி வந்து நின்றாலும் இதுதான்.

ஜெபக்கனி டீச்சர் அன்று ஒரு எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்து, இதுதான் சூரியன் என்றாள். அப்படியானால் நம் பூமி நாலேகால் மீட்டர் தள்ளிக் கிடக்கிற ஒரு மணல் துணுக்கு. கடைசிக் கிரகம் வேலிக்கருவைப் புதருக்குப் பக்கத்தில். அதையும் தாண்டி, எந்தக் காலத்திலோ யாரோ ஏவிவிட்ட ஒரு விண்கலம் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது, இந்தக் கணக்குக்கு அது கண்மாய்க் கரைக்கு அப்பால் ஐந்நூற்றுத் தொண்ணூறு மீட்டரில் இருக்கும், ஒரு நொடியில் உலகத்தை ஏழரைத் தடவை சுற்றக்கூடிய வெளிச்சமே அங்கே போய்ச்சேர பத்தொன்பது மணி நேரம் ஆகும் என்றாள். பிள்ளைகள் கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சுடலைமுத்து கொட்டாவி விட்டார். வள்ளிமயில்தான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"இத்தன வருசமாப் போவுதே, அதுக்குப் பசிக்காதா டீச்சர்?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "நீங்களே கேட்டுருங்க வள்ளியக்கா" என்று மைக்கைக் காட்டினாள். ஆவுடையப்பன் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். ஹலோ, ஹலோ, கேக்குதா? வேலியோரம் நின்ற ஒரு தாய் கையைத் தூக்கினாள். வள்ளிமயில் வயர் இல்லாத அந்த மைக்கை வாங்கி, பந்தியில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்பதுபோல, "ஏய்யா, ஒனக்குப் பசிக்கலியா?" என்று கேட்டாள். கண்காட்சி முடிந்தது. டீ ஆறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆவுடையப்பன் ஏணியோடு வந்து வேப்பமரத்தில் கட்டியிருந்த ஹாரனை அவிழ்க்கப் போனபோது, வயரும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் அந்த ஹாரன் பேசியது. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட ஆள் பேசுவதுபோல ஒரு குரல். முதலில் "கேட்கிறது" என்றது. அரை நிமிடம் சும்மா இருந்தது. பிறகு, "பசி இல்லை. குளிர் உண்டு. மீதி அறுபத்திரண்டு" என்று சொல்லி நின்றுகொண்டது.

எதிரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழு பேர். "யாரு வீட்டு விசேசம், இன்னைக்குப் போயி ரேடியோ பாடுது?" என்று ஒருத்தி கேட்டாள். ஆவுடையப்பன் ஏணியில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். குடங்கள் நிறைந்தன. ஏழு பேரும் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். பத்து மணிக்கெல்லாம் வள்ளிமயில் ஒரு பழைய கம்பளியை எடுத்துவந்து, ஏணியில் ஏறி, ஹாரனின் வாய் மட்டும் தெரியும்படி சுற்றிக் கட்டிவிட்டு இறங்கினாள். குளிருது என்று ஒரு ஆள் வாய்விட்டுச் சொன்ன பிறகு எப்படிச் சும்மா இருப்பது என்பது அவள் நியாயம்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் மாலை நான்கு மணி என்பது கேள்வி கேட்கிற நேரம் என்றாயிற்று. ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்த கேள்வி, வீட்டுக்கு ஒரு முறை. நான்கு மணிக்குக் கேட்டால் பத்தொன்பது மணி நேரம் போக, பத்தொன்பது மணி நேரம் வர, மறுநாள் தாண்டி அதற்கு மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதில் வரும்: முதலில் ஒரு "கேட்கிறது", பிறகு பதில், கடைசியில் மீதி. ராமலெட்சுமி காலை ஆறு மணிக்கு அடுப்பை மரத்தடிக்கே கொண்டுவந்துவிட்டாள். விண்கலத்துக்கு ஒத்தைக்கலம் என்று பெயர் விழுந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியாது.

ஒரு நாள் கேள்வி முடிந்ததும் சுடலைமுத்து, ஊரின் சார்பில் என்று அரைமணி நேரம் வரவேற்புரை ஆற்றினார். அதற்குப் பதிலே வரவில்லை. கேட்டால்தான் அது பதில் சொல்லும், சும்மா சொல்லுகிற பேச்சுக்கு வாயைத் திறக்காது என்று அன்றைக்குத் தெரிந்தது. "நம்ம மெம்பரு பேச்சு வானத்தத் தாண்டியும் எடுபடல" என்று ராமலெட்சுமி சொல்ல, அவர் அன்று மாலையே வந்து, "எங்க ஊரு ஒனக்குத் தெரியுதா?" என்று கேள்வியாகவே கேட்டார். "கடைசியாகப் பார்த்தபோது உங்கள் சூரியன் ஒரு புள்ளி. ஊர் தெரியவில்லை" என்று பதில் வந்ததில் அவருக்கு மனவருத்தம். மூன்று நாள் டீக்கடைக்கு வரவில்லை. ஒரு தாய், "எம்மவன் மஸ்கட்டுல இருந்து எப்ப வருவான்?" என்று கேட்டாள். "தெரியாது. நான் திரும்புவதில்லை" என்றது. ராமலெட்சுமி, "கூட யாரும் இருக்காவளா?" என்று கேட்டாள். "இல்லை" என்று ஒரே சொல். அன்று யாரும் டீ குடிக்கவில்லை. மறுநாளிலிருந்து சாயங்காலம் கேள்வி முடிந்ததும் யாராவது ஒருவர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து செய்தித்தாள் வாசிப்பது, பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது என்று வழக்கமானது. பதில் வராத பேச்சுத்தான். ஆனாலும் காதில் விழுமில்லையா என்றார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்து, பள்ளி வளாகத்தில் அனுமதியில்லாத ஒலிபெருக்கி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் குறைந்துகொண்டே வந்தது. அறுபத்திரண்டு, அறுபது, ஐம்பத்தெட்டு. அதற்குள் இருக்கிற சூடு கொஞ்சம்தான், ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் கொஞ்சம் சூடு செலவாகிறது, அதைத்தான் எண்ணிச் சொல்கிறது என்று டீச்சர் விளக்கினாள்.

"அது சரி, ரெண்டு ரெண்டாவுல்லா குறையுது?" என்று ராமலெட்சுமி கேட்டாள்.

"தேங்கா எண்ணுத கணக்குத்தான்" என்றார் சுடலைமுத்து. "கைக்கு ஒண்ணு, ஒரு வீச்சுக்கு ரெண்டு. ஒண்ணு ஒண்ணா எவன் எண்ணுவான்? அத ஏவி விட்டவன் நம்ம பக்கத்துத் தோப்புக்காரனா இருப்பான்."

ஊர் அதை ஒப்புக்கொண்டது. ஆவுடையப்பனும் ஒப்புக்கொண்டார். பள்ளிச் சுவரில் கரியால் மீதியை எழுதி வைக்கிற வேலை அவருடையது. அதோடு, வேறு யாரும் கவனிக்காத ஒன்றையும் அவர் கவனித்தார். பதில் வருகிற நேரம் ஆறு நாளைக்கு ஒரு நிமிடம் பிந்தியது. முதலில் சரியாக ஆறு, பிறகு ஆறு ஒன்று, ஆறு இரண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே அது விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் மற்றவர்களுக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு தடவை, பெரியநாயகம் என்கிற கிழவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். அவர் மகன் செல்லையா நான்கு மணிக்கு ஓடிவந்து, "எங்கையா பொழச்சிருவாரா?" என்று கேட்டுவிட்டு ஓடினான். மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குக் கிழவர் போய்விட்டார். சாயங்காலம் அடக்கமும் முடிந்தது. அதற்கு மறுநாள் காலை, மொட்டைத் தலையோடு செல்லையா மரத்தடியில் நின்றபோது ஹாரன் சொன்னது: "தெரியாது. அவர் இப்போது இருக்கிறாரா?"

டீச்சர்தான் விரல்விட்டு எண்ணி, மெதுவாகச் சொன்னாள். "உங்க கேள்வி அங்க போய்ச் சேந்தது நேத்து காலைல பதினோரு மணிக்கு. அது இதச் சொல்லும்போது ஐயா இருந்தாங்க, செல்லையா."

"அப்ப அங்க இருந்து பாத்தா..."

"அங்க இருந்து பாத்தா இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாங்க."

செல்லையா ஒன்றரை மணி நேரம் என்று சொல்லிப் பார்த்தான். முகத்தைத் துண்டால் துடைத்தான். அதற்குப் பிறகு வெளிச்சம் என்றால் என்ன, தூரம் என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பாடை எடுத்த பிறகும் பெண்கள் கண்மாய்ப் பக்கம் பார்த்து, "அங்க இன்னும் இருக்காவ" என்று சொல்லிக்கொண்டார்கள்.

அன்று எல்லாரும் போன பிறகு ஆவுடையப்பன் டீச்சரிடம் போய் நின்றார். அவர் தானாகப் போய் ஒருவரிடம் பேசியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"டீச்சர், மைக்குல பேசுன சத்தம் எங்க போவும்?"

"காத்துல போற சத்தம் கண்மாயத் தாண்டாது அண்ணாச்சி. அங்கயே செத்துரும்."

"வயர் இல்லாத மைக்குன்னா?"

"அது வேற. அது ரேடியோ அலை, வெளிச்சத்துக்குக் கூடப்பொறந்தது. ஒரு தடவ கெளம்பிட்டா நிக்கவே நிக்காது. போய்க்கிட்டே இருக்கும்."

"எவ்வளவு காலம் ஆனாலுமா?"

"எவ்வளவு காலம் ஆனாலும்."

ஆவுடையப்பன் நானூற்று எழுபத்தொரு எட்டு நடந்து வீட்டுக்கு வந்து, சோற்றை வடித்து, தட்டைக் கழுவி எதிரே வைத்துக்கொண்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில், அவர் மதுரையிலிருந்து வாங்கிவந்த வயர் இல்லாத மைக்கை முதல்முதலாக வெளியே எடுத்தார். அந்தப் பக்கத்திலேயே அப்போது அது ஒன்றுதான். அவர் ஹாரன் கட்ட மரத்தில் ஏறியிருந்தார். மனைவி பிச்சம்மாளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. விடிந்ததிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தூக்குச்சட்டியோடு வந்தவள், பெஞ்சில் கிடந்த மைக்கை என்னவென்று தெரியாமல் கையில் எடுத்து ஒதுக்கி வைக்கப்போய், அதைப் பிடித்தபடியே மரத்தை அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டாள். நான்கு ஹாரனிலும் கேட்டது. பக்கத்தில் நின்றவர்கள் நாற்பத்துமூன்று பேர் சிரித்தார்கள். அவர் எண்ணியிருந்தார். ஆவுடையப்பன் இறங்கிவந்து ஆம்பிளிஃபயரை அணைத்தார். அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். பிடுங்கும்போது ஒன்று சொன்னார். ஹாரன் அணைந்திருந்ததால் அது ஊருக்குக் கேட்கவில்லை. மைக் மட்டும் அணையவில்லை; அதன் சின்னச் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பிச்சம்மாள் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, கரண்டியால் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவர் வந்து உட்காருவார். மற்ற பேச்செல்லாம் உண்டு. அந்த ஒரு பேச்சு மட்டும் இல்லை. பதினைந்து வருடம் அப்படி ஓடி, பதினாறாம் வருடத்தில் அவள் இறந்துபோனாள். பதினோரு வருடமாயிற்று. ஊரில் உள்ளவர்கள் குரலையெல்லாம் பெரிதாக்கிக் கொடுத்தவர் வீட்டில், அவள் குரல் ஒரு நாடாவில்கூட இல்லை. மைக் செட் எதையும் பிடித்துவைக்காது, விட்டுவிடும்.

ஒத்தைக்கலத்திடம் கேட்கவேண்டியது அவருக்கு ஒன்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நான்கு மணிக்கு அவர் நகத்தால் தட்டி, கேக்குதா என்று கேட்டு, மைக்கை வரிசையில் முதலில் நிற்கிறவர் கையில் கொடுத்தார். சுவரில் மீதி குறைந்தது. இருபது, பதினாறு, பன்னிரண்டு, எட்டு.

மீதி எட்டு என்று எழுதிய வாரத்தில் ஒரு நாள், பக்கத்து ஊர்ச் சாவுக்கு மைக் கட்டப் போனவர் திரும்ப நேரமாகிவிட்டது. நான்கு மணி தாண்டுகிறதே என்று சுடலைமுத்து தானே சுவிட்சைப் போட்டு, மைக்கை எடுத்து, தட்டாமல், டெஸ்ட் பண்ணாமல், "எங்க தெருவுக்கு ரோடு எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் தாண்டி வந்த பதில் இது: "தெரியாது. எனக்குச் சாலை இல்லை. மீதி ஏழு."

"ஏழா?" என்றாள் ராமலெட்சுமி. "ஒத்தத் தேங்கா எங்க இருந்து வந்துச்சு?"

மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆவுடையப்பன் கரித்துண்டோடு சுவர் முன்னால் நின்றார். அன்று "கேட்கிறது" என்ற சொல் வரவில்லை. யாரும் கேக்குதா என்று கேட்கவில்லை, அதனால் வரவில்லை. அவர் சுவரில் எழுதிய எண்களை அறுபத்திரண்டிலிருந்து விரல்வைத்துக் கீழே வரைக்கும் எண்ணினார். இருபத்தெட்டுக் கேள்வி. இருபத்தெட்டுக் கேக்குதா. ஊர் மரியாதை என்று நினைத்திருந்த ஒவ்வொரு "கேட்கிறது"ம் ஒரு பதில். அவர் வாய் தின்றது பாதி.

அன்று மாலை அவர் மைக்கைப் பிடித்தார். அந்த மைக்கில் அவர் தன்னைப்பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. கணக்கை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"வே ஆவுடை!" சுடலைமுத்து துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "இருவத்தெட்டக் கமுக்கமா முழுங்கி ஏப்பம் விட்டுட்டு, இப்ப வந்து சொல்லுதீரே. இருவத்தெட்டு வீட்டுக்காரன் வரிசையில நிக்கான் வே!"

"தெரியாமச் செஞ்சிட்டேன்."

"முப்பத்தொம்பது வருசமாத் தட்டித் தட்டிக் கேட்டீரே, ஒருநாளாவது அத நிறுத்துனா என்ன, வானமா இடிஞ்சிரும்?"

"விடுங்க மெம்பரே" என்று சத்துணவுக் கூடத்து வாசலிலிருந்து வள்ளிமயில் சத்தம் கொடுத்தாள். "நாம எல்லாரும் என்ன கேட்டோம்? ரோடு எப்ப வரும், எம்புள்ள எப்ப வருவான், நம்ம ஊரு தெரியுதா. நமக்கு உள்ளதத்தான் கேட்டோம். ஒத்தையில கெடக்கிறத, நாஞ் சொல்லுதது கேக்குதாய்யான்னு நாளும் கேட்டவரு அண்ணாச்சி ஒருத்தர்தான்."

சுடலைமுத்து உட்கார்ந்தார். ஆனாலும் முணுமுணுப்பு அடங்கவில்லை. மீதியிருந்த ஏழு பதிலை எப்படிப் பங்கு வைப்பது என்று பேச்சு வந்தது. அரிசிப் பானையை ஒருநாளும் வழித்துத் துடைக்கக்கூடாது, ஒரு கை அரிசியாவது அடியில் கிடக்கவேண்டும் என்று வள்ளிமயில் சொன்னாள். அது எல்லா வீட்டுக்கும் தெரிந்த முறை, அதனால் யாரும் மறுக்கவில்லை. ஒன்றைத் தொடாமல் விட்டுவிட்டு ஆறுக்குச் சீட்டுப் போட்டார்கள். ஆவுடையப்பன் தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஐந்து சீட்டுக்காரர்கள் கேட்டார்கள். ஐந்து தடவையும் ஆவுடையப்பன் தட்டாமல் மைக்கைக் கொடுத்தார். தலைமையாசிரியர் ஏழாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு கணக்கைக் கேட்டு, "தெரியாது" என்ற பதிலை வாங்கிக்கொண்டார். டீச்சர், "திரும்பிப் பார்க்க ஆசை உண்டா?" என்று கேட்டாள். "என் கண்ணை மூடிவிட்டார்கள், சூடு மிச்சமாகட்டும் என்று. காது மட்டும் இருக்கிறது" என்றது அது. சுவரில் மீதி இரண்டு.

ஆறாவது சீட்டு வள்ளிமயிலுக்கு விழுந்திருந்தது. முதல் கேள்வி கேட்ட நாளிலிருந்து அது எழுபத்துமூன்றாம் நாள். அவள் மைக் பக்கமே போகாமல் நின்றாள்.

"நான் முதல்லயே கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு. ரெண்டு தரம் எலையில உக்கார மாட்டேன். அண்ணாச்சி கேக்கட்டும்."

"எனக்கு வேண்டாம்."

"வேண்டாமுன்னு சொல்லுதவரு மொகமா இது? எழுவத்திரெண்டு நாளா மைக்க நீட்டும்போதெல்லாம் ஒங்க வாய் அசையுததப் பாக்கேன். கேளுங்க."

ஆவுடையப்பன் கூட்டத்தைப் பார்த்தார். ஐம்பத்தெட்டுப் பேர். கேட்டால் எது வரும் என்று அவருக்குத் தெரியும். அவள் கூப்பிட்டது மட்டும் தனியாக வராது, அதற்குப் பின்னால் அவர் சொன்னதும் வரும். அன்று அந்தச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கேட்காமல் இதைக் கேட்க வழியில்லை. நகம் மைக்கின் தலைவரைக்கும் போய், தொடாமல் நின்றது.

"இருவத்தாறு வருசத்துக்கு முன்னால," என்றார், "பங்குனி உத்திரத்தன்னைக்கு, பகல் ரெண்டே முக்காலுக்கு, சாஸ்தா கோயில்ல இருந்து ஒரு பொம்பள கூப்புட்டா. அது ஒனக்குக் கேட்டுச்சா?"

புதன்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் மரத்தடியில் ஊரே இருந்தது. ஆறு மணி ஆயிற்று. ஆறு ஐந்து ஆயிற்று. நேரமாகும் என்று ஆவுடையப்பனுக்கு மட்டும் தெரியும். சரியாக ஆறு பன்னிரண்டுக்குக் கம்பளிக்குள் இருந்து ஒரு கொட்டுச் சத்தம் மெலிதாக எழுந்தது. பங்குனி உத்திரத்துக் கொட்டு. அதற்கு மேலே, முப்பத்தொரு வயதுப் பிச்சம்மாளின் குரல்.

"இந்தாங்க... சாப்பிட வாங்க. சோறு ஆறிப்போவுது."

அதைத் தொடர்ந்து சிரிப்பு. நாற்பத்துமூன்று பேர் சிரிப்பு. அதில் பதினேழு பேர் இப்போது இல்லை. சுடலைமுத்து எழுந்து நின்றுவிட்டார். "எங்கையா," என்றார், "அந்தக் கோழி கேறுத மாதிரி சிரிக்கது எங்கையா வே." செல்லையா பெரியநாயகத்தின் இருமல் கலந்த சிரிப்பைக் கேட்டு வாயைப் பொத்தினான். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டுச் சிரிப்பைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. மைக்குக்கு வெகு பக்கத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற ஒரு ஆண் குரல்.

"ஏளா, ஊரு சிரிக்கி. இனிமே என்னக் கூப்புடாத. சாவுத வரைக்கும் கூப்புடாத."

கொட்டுச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து, கேட்டால் கேட்கிற அளவுக்கு, அவள் குரல் இன்னொரு தடவை வந்தது.

"சரி."

மற்றதெல்லாம் ஆவுடையப்பன் எண்ணிவைத்திருந்தார். அவள் பதில் சொன்னது மட்டும் அவர் கணக்கில் இல்லை. அப்போது அவர் காதில் அது விழவேயில்லை. இருபத்தாறு வருடம் கழித்து அன்றுதான் விழுந்தது.

"மீதி ஒன்று" என்று சொல்லி ஹாரன் நின்றது.

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று ஊருக்கே தோன்றியிருந்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ராமலெட்சுமி அடுப்பை அணைத்தாள். வள்ளிமயில் மட்டும் போகிற போக்கில், "வீட்டுக்குப் போயிச் சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

அவர் சாப்பிடவில்லை. அன்று மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கு வந்தார். கேள்வி கேட்க இனி யாருக்கும் முறை இல்லை என்பதால் மைதானத்தில் ஒரு ஆள் இல்லை. ஆடுகள் இரண்டும் இருந்தன. அவர் சுவிட்சைப் போட்டார். தட்டவில்லை. கேக்குதா என்று கேட்கவில்லை. மைக்கை வாயோடு ஒட்டி வைத்து, "வாரேன் பிச்சம்மா" என்றார். அது கேள்வி இல்லை. கேள்வியாக இருந்துவிடக்கூடாது என்று கடைசி எழுத்தைத் தாழ்த்தி, தரையில் பாத்திரத்தை வைப்பதுபோல வைத்துச் சொன்னார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, ஆறுவதற்குள் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை தெருக்குழாயில் தண்ணீர் வராத நாள். காலை ஆறு மணிக்கு மரத்தடியில் இருந்தவர்: ஆவுடையப்பன் ஒருவர். அது தன் பேச்சைக் கேள்வியாக எடுத்துக்கொண்டிருந்தால் ஊர் அடியில் விட்டுவைத்த ஒரு கை அரிசியையும் தான் தின்றதாகிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. ஒரு சொல் வந்தால் தேவலை என்ற ஆசையும், இல்லை என்று சொல்ல முடியாதபடி, இருந்தது. ஆறு பதினொன்று ஆயிற்று. ஆறு பன்னிரண்டு. ஆறரை. ஹாரன் பேசவில்லை. வேப்பிலை ஒன்று கம்பளிமேல் விழுந்து தங்கியது.

அந்தச் சொல் நேற்றுப் பகல் பதினொரு மணிக்கே ஒத்தைக்கலத்தைத் தாண்டியிருக்கும். அவள் கூப்பிட்டதற்குப் பின்னாலேயே, அதே வழியில், அதே வேகத்தில், இருபத்தாறு வருட தூரம் பிந்திப் போய்க்கொண்டிருக்கும். டீச்சர் சொன்னதை வைத்து அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டும் வெளிச்சத்தின் வேகம்தான். அதனால் அந்த இடைவெளி குறையவும் குறையாது, கூடவும் கூடாது. முன்னால் ஒரு கூப்பிடுகுரல், பின்னால் ஒரு பதில், எவ்வளவு காலம் ஆனாலும்.

ஏணியை எடுத்துவந்து ஏறி, காற்றில் தளர்ந்திருந்த கம்பளியை இழுத்துக் கட்டினார். இறங்கிவந்து, மழைச் சாரலில் மங்கியிருந்த எழுத்தின் மேலேயே கரியால் இன்னொரு தடவை அழுத்தி எழுதினார்.

மீதி: ஒன்று.